பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள்

அக்டோபர் 2, திங்கள்

என் பெயர் கடற்கரை. இதை நானே எழுதினேன்.

க, ட, ற், க, ரை. ஐந்து எழுத்து. அறுபத்தெட்டு வருடமாக இந்தப் பெயருக்கு ‘என்ன’ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். அது பார்க்க எப்படி இருக்கும் என்பது இந்த வருடம்தான் தெரிந்தது. கடலை நான் இன்னும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதியோர் எழுத்து வகுப்பில் வாத்தியாரம்மா சொன்னார், தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள் என்று. ஆபீசில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த டைரியை எடுத்து வந்தேன். முதல் ஒன்பது மாதப் பக்கங்கள் காலி. அப்போது எனக்கு எழுதத் தெரியாது, அதனால் அது சரிதான்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆனது. என் மனைவி வெள்ளத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, யாருக்குச் சொத்து எழுதி வைக்கீக?” என்றாள். உனக்குத்தான் என்றேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

நான் வாட்ச்மேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்பவர்களின் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆபீஸ். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றின் எஜமானர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அங்கிருந்தே இவற்றைத் திறப்பார்கள், பூட்டுவார்கள், புதிது புதிதாக எதையாவது ஏற்றுவார்கள். இங்கே அவற்றைக் கவனித்துக்கொள்ள ஜெசிந்தா என்ற ஒரு பெண் மட்டும்தான். வயது இருபத்தொன்பது இருக்கும். நான் அவளைத் தாயி என்பேன். அவள் என்னைத் தாத்தா என்பாள்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து மெயின் சுவிட்சைப் போடுவேன். பன்னிரண்டும் யாரும் தொடாமலே விழித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் தானே எழும்படி ஜெசிந்தா பங்குனியில் செய்து வைத்தாள். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு மெயினை அணைப்பேன். போர்டு காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. கையை விட்டால் போதும், கண் வேண்டாம். அணைத்ததும் யு.பி.எஸ் பெட்டி குருவிபோலக் கத்தத் தொடங்கும். நான் பூட்டிக்கொண்டு படி இறங்கும்வரை கத்தும். பிறகு தானே அடங்கும்போல.

தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே கடைசியாக வெளியே வருகிறவன் மெயினை அணைக்க வேண்டும். ஒருநாள் ஒருவன் மறந்துவிட்டான். மறுநாள் விடியலில் முதலில் உள்ளே போனவர் என் அண்ணன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அக்டோபர் 4, புதன்

பஸ்சில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் அதற்குக் கீழேதான் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அக்டோபர் 5, வியாழன்

ஜெசிந்தாவின் முகம் சரியில்லை. அவள் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி.

“என்ன தாயி, பொட்டு வச்சிருக்கு?”

“பெங்களூர்ல இருந்து புது ஆப் அனுப்புறாங்க தாத்தா. நம்ம மிஷின்ல ஏறவே மாட்டேங்குது. மதுரையில ஏறிருச்சு, திருச்சியில ஏறிருச்சு. இங்க மட்டும் பன்னெண்டும் ஃபெயிலு. ஏறுனா இது பச்சையாகும்.”

“எப்ப ஆகணும்?”

“முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள. அன்னைக்குத்தான் என் கான்ட்ராக்டும் முடியுது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அப்பா கை கால் இழுத்துக்கொண்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வெளியூர் வேலைக்கு அவளால் போக முடியாது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த ஊரில் இந்த ஒரு ஆபீஸ்தான்.

ஆறு மணிக்கு மெயினை அணைத்தேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

வகுப்பில் ‘ஞ’ எழுதினேன். நன்றாக வந்தது. பக்கத்தில் இருந்த மாரித்தாய் அக்காவுக்கு வரவில்லை. அவளுக்கு எழுபத்திரண்டு. “உன் ஞாவ எனக்குக் குடுத்துருடா” என்றாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

இன்று நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன்.

பெங்களூர்க்காரர் போனில் இருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒட்டியிருக்கும் எண்ணை அவர் கேட்கிறார். ஜெசிந்தா போனைப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும், அதனால், “தாத்தா, அந்த நம்பர மட்டும் வாசிங்க” என்றாள்.

நான் தரையில் குனிந்து ஒன்றாம் பெட்டியிலிருந்து தொடங்கினேன். நாலு, ஏழு, ஏழு, ஒன்று, ஒன்பது. பன்னிரண்டு பெட்டிக்கும் ஒரு தப்பில்லாமல் வாசித்தேன். ஏழாம் பெட்டிக்குப் பின்னால் எலிப்புழுக்கை இருந்தது, அதையும் சொன்னேன். மேனேஜர் பால்ராஜ் சார், “பெரியவரே, உங்களையே பெங்களூருக்கு அனுப்பிரலாம் போல” என்றார்.

யாராவது ஒருவர் என்னை வாசிக்கச் சொல்லி, நான் வாசித்தது இதுதான் முதல் தடவை. அது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்தது என்று ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை. கையெழுத்துக்கு ஒரு சுழி வைத்திருந்தேன். யாராவது தாளை நீட்டினால் பார்ப்பேன், தலையாட்டுவேன், சரி என்பேன். அறுபது வருடம் அப்படி ஓட்டியாயிற்று.

புள்ளிகள் பன்னிரண்டும் சிவப்புத்தான்.

அக்டோபர் 12, வியாழன்

ஜெசிந்தா கேட்டாள். “தாத்தா, சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்குக் கரண்ட் போகுதா?”

“போகாது தாயி. நம்ம லைன்ல கரண்டே போறதில்ல.”

“மிஷின் எல்லாம் அந்த நேரம் படக்குன்னு செத்துப்போகுது. ஒண்ணு ஆறரைக்கு, ஒண்ணு ஆறே முக்காலுக்கு. யு.பி.எஸ் சரியில்லன்னு நினைக்கேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “போர்டுல நான் ஒட்டுன தாள் இருக்குல்ல?” என்றாள்.

“இருக்கு தாயி.”

பங்குனியில் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நான் பார்த்தேன், தலையாட்டினேன். அவள் அதைப் போர்டில் ஒட்டினாள். அந்தத் தாள்தான். இருக்கிறது என்று சொன்னது பொய் இல்லை.

அக்டோபர் 14, சனி

யு.பி.எஸ்சுக்குப் புது பேட்டரி வந்தது. ஜெசிந்தா தலைமை ஆபீசில் கெஞ்சி வாங்கினாள். பழையதை நான்தான் படியில் இறக்கினேன், ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம்.

மாலையில் மெயினை அணைத்தேன். புதுக் குருவி நன்றாகக் கத்துகிறது. தெருமுனை வரை கேட்டது.

அக்டோபர் 16, திங்கள்

பன்னிரண்டும் சிவப்பு. பேட்டரி மாற்றியும் மிஷின்கள் எட்டு மணியைத் தாண்டவில்லையாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

பெங்களூர்க்காரர் போனில் சத்தமாகப் பேசினார். இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒருவரைத் திட்டுவதற்கு எல்லா ஊரிலும் ஒரே ராகம்தான். ஜெசிந்தா ‘எஸ் சார், எஸ் சார்’ என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஐந்தாம் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து ஏற்றினாள். மதியம் சாப்பிடவில்லை. நான் வடையும் டீயும் வாங்கி வந்து வைத்தேன்.

“தாத்தா, ஒரு காரியம் ஏன் நடக்கலன்னே தெரியாம இருக்கது இருக்கே, அது தோத்துப்போறத விட மோசம்.”

“நேர்ச்சை ஏதும் வச்சியா?”

“ரெண்டு கோயிலுக்கு வச்சிட்டேன். ஒண்ணு உங்க கோயிலு.”

ஆறு மணிக்கு மெயினை அணைத்தேன்.

அக்டோபர் 18, புதன்

ஐந்தாம் கம்ப்யூட்டரும் சிவப்பு.

அக்டோபர் 21, சனி

ஆயுத பூஜைக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. அதனால் ஆபீசில் இன்றே பூஜை. காலையிலேயே போய்ப் பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஜெசிந்தா தன் கம்ப்யூட்டருக்கு மட்டும் தானே வைத்தாள். “ஏற்கெனவே நெறையச் செவப்பு இருக்கு, சந்தனம் மட்டும் வைப்போம்” என்றாள்.

மெயின் போர்டுக்கும் பொட்டு வைக்க வேண்டும் அல்லவா? அதுதானே எல்லாவற்றுக்கும் உயிர். சித்திரையில் நான் மாட்டிய காலண்டரைக் கழற்றினேன். அடியில் ஜெசிந்தா ஒட்டிய தாள். தூசி படிந்திருந்தது. துணியால் துடைத்தேன்.

முதல் வரியில் என் பெயர் இருந்தது.

என் பெயரை வேறு ஒருவர் எழுதி நான் வாசித்ததே இல்லை. வகுப்பில்கூட நானேதான் எழுதினேன். க, ட, ற், க, ரை. ஜெசிந்தாவின் எழுத்து குண்டு குண்டாக, மல்லிகை மொட்டு மாதிரி இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விரலை வைத்துக்கொண்டு இரண்டாம் வரிக்குப் போனேன். மூன்றாம் வரிக்குப் போனேன். திரும்ப முதலில் இருந்து வாசித்தேன், தப்பாக வாசித்திருப்பேனோ என்று. தப்பில்லை. நான் இப்போது நன்றாக வாசிக்கிறேன்.

தாளில் என்ன இருந்தது என்று இங்கே எழுதவில்லை.

காலண்டரை அதன் மேலேயே மாட்டினேன். ஆறு மணிக்கு எல்லாரும் சுண்டல் பொட்டலத்தோடு போய்விட்டார்கள். மெயினில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றேன். கற்பூரம் கொளுத்திய இடம், காகிதம் நிறைந்த இடம். அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

வெள்ளத்தாயியிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “ஒரு பொம்பளப் பிள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, இங்க உக்காந்து அ, ஆ எழுதிக்கிட்டு இருக்கீகளா?” என்றாள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்றேன்.

அக்டோபர் 25, புதன்

சொல்லவில்லை. ஜெசிந்தா நாள் முழுக்கப் போனில் இருந்தாள்.

ஆறு மணிக்கு மெயினை அணைக்கவில்லை. குருவி கத்தவில்லை. பூட்டிவிட்டு வந்தவன் பாதி வழியில் திரும்பிப் போய்க் கதவில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இருக்கிறதா என்று. இரண்டு தடவை அப்படிப் போனேன். அண்ணன் ஞாபகம்.

அக்டோபர் 26, வியாழன்

காலை ஆறு மணிக்கே போனேன். ஆபீஸ் எரியாமல் நின்றது. கம்ப்யூட்டர்கள் முனகிக்கொண்டிருந்தன.

ஒன்பது மணிக்கு ஜெசிந்தா வந்து உட்கார்ந்தாள். எழுந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள், வயலில் நாற்று நட்டது மாதிரி.

“நான் ஒண்ணுமே பண்ணல தாத்தா. நேத்து நான் எதையுமே மாத்தல. எப்படி ஏறுச்சு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பால்ராஜ் சார் எல்லாருக்கும் டீ சொன்னார்.

டீ குடித்த பிறகு அவள் கேட்டாள், “நீங்க ஏதாச்சும் மாத்துனீகளா தாத்தா?”

இல்லை என்றேன். மூன்று எழுத்து.

பச்சையாகிவிட்டதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் 28, சனி

பச்சையானது போதாதாம். ஏன் இத்தனை நாள் சிவப்பு, ஏன் திடீரென்று பச்சை என்று பெங்களூருக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஜெசிந்தா இரண்டு நாளாக அதைத்தான் தேடுகிறாள். யு.பி.எஸ் என்று முன்னால் எழுதியிருந்தாள். பேட்டரி மாற்றியும் சரியாகவில்லையே, அப்புறம் எப்படி அது காரணம் என்று கேட்கிறார்களாம்.

இரண்டு தடவை அவள் மேசைக்குப் பக்கத்தில் போனேன். “என்ன தாத்தா?” என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

சொன்னால் அவளிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மெயினை அணைத்தது நான் என்பது ஒன்று. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இன்னொன்றுதான் வாயில் வரவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். “பொய் எழுத மனசு வரல தாத்தா” என்றாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

மூன்று மணிக்குப் போன் வந்தது. கான்ட்ராக்ட் நீட்டவில்லை. இனி பெங்களூரில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்களாம். கெட்டதற்கும் காரணம் தெரியாது, சரியானதற்கும் காரணம் தெரியாது, அப்படிப்பட்ட ஆள் எதற்கு என்று கேட்டார்களாம். பால்ராஜ் சார் சொன்னார்.

ஜெசிந்தா தன் டப்பாவையும் ஒரு சின்ன மாதா படத்தையும் பையில் போட்டுக்கொண்டாள். படி வரைக்கும் கூடப் போனேன்.

“மிஷின நல்லாப் பாத்துக்கோங்க தாத்தா” என்றாள்.

தலையாட்டினேன்.

நவம்பர் 1, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 4, சனி

பெங்களூருக்குக் கடிதம் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் முதல் கடிதம். ‘ஐயா, வணக்கம்’ என்பதற்கே ஒரு பக்கம் கிழிந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

எழுதி முடித்தேன். நாலு நாள், இரண்டு பக்கம். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தினமும் ஆறு மணிக்கு மெயினை அணைத்தது நான். பேட்டரி தீர்ந்ததும் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நீங்கள் இரவில் அனுப்பியது வந்து சேரும்போது அவை விழித்திருக்கவில்லை. அந்தப் பெண் முன்பே தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். அதை வாசிக்க எனக்குத் தெரியாது, தெரியும் என்று நடித்தேன். குற்றம் என்னுடையது, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தாயியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். பிறகு, “எழுத்து அழகாத்தான் இருக்கு” என்றாள்.

அதே மாதிரி இன்னொரு பிரதியும் எழுதத் தொடங்கினேன். பால்ராஜ் சாரிடம் பெங்களூர் முகவரி வாங்கிக்கொண்டேன். வேலையை விட்டுப் போகப்போகிறேன் என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டார்.

நவம்பர் 9, வியாழன்

இரண்டாம் பிரதிக்கு இரண்டு நாள்தான் ஆனது. முதல் பிரதியைத் தபால் ஆபீசில் ரிஜிஸ்தர் செய்தேன். முகவரியை மட்டும் அங்கே ஒருவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் 17, வெள்ளி

அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது. பெங்களூரில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்து ஒரு சுழி. என்னுடையது மாதிரியே இருக்கிறது.

நவம்பர் 22, புதன்

பதில் வரவில்லையே என்று பால்ராஜ் சாரிடம் கேட்டேன். அவர் வேறு வேலையாகப் பெங்களூருக்குப் போன் செய்தபோது விசாரித்தார்.

“பெரியவரே, ஒங்க கடுதாசி வந்துருக்காம். தமிழ்ல இருந்துச்சாம். அங்க யாருக்கும் படிக்கத் தெரியல. ஒருத்தருக்குத் தமிழ் பேசத் தெரியுமாம், எழுத்து தெரியாதாம். பாத்துட்டு, சரி, ஏதோ வாட்ச்மேன் விஷயம்னு ஃபைல்ல போட்டுட்டாங்க. அப்படி என்னதான்யா எழுதுனீரு?”

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இத வேற யாருகிட்டயும் சொல்லாதீரும். அந்த போர்டு என் பொறுப்புல இருக்கு. அவங்க அந்தச் செவப்புப் புள்ளி கம்ப்ளெயின்ட்ட மூடி மூணு வாரம் ஆச்சு. மூடுனத யாரும் திறக்க மாட்டாங்க.”

“அந்தப் பிள்ள, சார்?”

“அந்த இடமே இப்ப இல்லய்யா.”

நவம்பர் 26, ஞாயிறு

இரண்டாம் பிரதியை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறாளாம். நாள் முழுக்க நிற்க வேண்டும், கால் வீங்கியிருந்தது.

“வாங்க தாத்தா. மிஷின் எல்லாம் எப்படி இருக்கு?”

பச்சையாக இருக்கிறது என்றேன். கடிதத்தைக் கொடுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். நான் நாலு நாள் எழுதியதை அவள் இரண்டு நிமிடத்தில் முடித்தாள். திரும்ப ஒரு தடவை வாசித்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“படிக்கத் தெரியாதுன்னு ஏன் தாத்தா சொல்லல?”

“வெக்கம் தாயி.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வாயால சொல்லிருப்பேனே.”

அவ்வளவுதான் சொன்னாள். கடிதத்தை மடித்து என்னிடமே தந்தாள். அவள் அப்பா ஏதோ முனகினார். அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் வந்துவிட்டேன்.

நவம்பர் 27, திங்கள்

ஆறு மணிக்குக் காலண்டரைக் கழற்றி அந்தத் தாளைப் பிய்த்து எடுத்தேன். ஒரு மூலை போர்டிலேயே ஒட்டிக்கொண்டது. மெயினை அணைக்காமல் பூட்டினேன்.

தாளை இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பசை காய்ந்துபோய் நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. தொலைந்துவிடும். அதனால் அதில் உள்ளதைப் பார்த்து, அவள் எழுதியபடியே, என் கையால் எழுதி வைக்கிறேன்:

கடற்கரை தாத்தாவுக்கு,
ராத்திரியும் கம்ப்யூட்டர் ஓட வேண்டும்.
மெயினை அணைக்க வேண்டாம்.
ஏதாவது புரியவில்லை என்றால் என்னைக் கேளுங்கள்.
ஜெசிந்தா